இல்லம் தந்த நடேசனார்

திராவிட இயக்கத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் மாநாடுகளைச் சொல்வர், அறிக்கைகளைச் சொல்வர், ஆட்சிக்கு வந்த ஆண்டைச் சொல்வர். அவையெல்லாம் சொல்லத்தக்கவையே. ஆனால் அந்த வரலாற்றிலே ஒரு சமையற்கட்டும் உண்டு. அதைச் சொல்வோர்தான் குறைவு. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்காகத் திருவல்லிக்கேணியிலே உலை வைத்த சமையற்கட்டு அது. அதை ஏற்படுத்தியவர் டாக்டர் சி. நடேசனார்.

ஊரை விட்டு வந்து பிழைப்பது என்றால் என்ன என்பதை அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதைப் படிக்கும் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தென்பாண்டிச் சீமையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வடஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்தும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் நம்மிலே எத்தனை பேர்! முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும் வரையில் யார் வீட்டிலே படுப்பது, எந்தக் கடையிலே கணக்கு வைப்பது என்று தவித்தவர்கள் எத்தனை பேர்! அந்தத் தவிப்பை ஒரு மாணவன்மேல் ஏற்றி வைத்துப் பாருங்கள். அவனுக்குச் சம்பளம் கிடையாது. கையிலே புத்தகம் இருக்கிறது. ஊரிலே நிலத்தை அடகு வைத்த தகப்பன் இருக்கிறான். பட்டணத்திலே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதற்கும் மேலாக, அவன் பிறந்த சாதி அவனுக்கு முன்னாலேயே விடுதி வாயிலுக்குச் சென்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நம் பாட்டன்மாரில் படிக்கத் துணிந்தவர்களின் நிலை இதுதான்.

அவன் ஏன் பட்டணத்துக்கு வரவேண்டும் என்று கேட்கலாம். வேறு வழியில்லை. திருச்சியிலும் குடந்தையிலும் பாளையங்கோட்டையிலும் கல்லூரிகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் மருத்துவம் படிக்க வேண்டுமா, சட்டம் படிக்க வேண்டுமா, பொறியியல் படிக்க வேண்டுமா, தமிழ் மாவட்டத்து மாணவன் சென்னைக்குத்தான் வந்தாக வேண்டும். 1856-ஆம் ஆண்டிலேயே இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் இரயில் ஓடிற்று. ஆவடி வழியாகத்தான் ஓடிற்று. வண்டி வந்துவிட்டது, வண்டியிலே ஏறிப் பட்டணம் போய் இறங்கியவனுக்குத் தங்க இடம் வரவில்லை. பூந்தமல்லிப் பிள்ளைக்குக் கல்லூரி 10 கல்லுக்கு மேலே. நாள்தோறும் நடந்து போய்த் திரும்ப முடியுமா? பக்கத்து ஊர்க்காரனுக்கே இந்தப் பாடு என்றால், திருநெல்வேலிக்காரன் என்ன செய்வான்?

சத்திரம் உண்டே, சாப்பாட்டு விடுதி உண்டே என்பர். உண்டு. யாருக்கு உண்டு என்பதுதான் கேள்வி. காப்பி கிளப்பிலே பார்ப்பனர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு வேறோர் இடம். சில விடுதிகளிலே மற்றவர்க்கு இடமே கிடையாது. காசு ஒன்றுதான், கல்லாப் பெட்டியிலே அது தீட்டுப் படுவதில்லை, காசு கொடுத்தவன் உட்கார்ந்தால் மட்டும் பந்தி தீட்டுப் பட்டுவிடும்! இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பிரிவினை 1941 வரையில் நீடித்தது. நாடு முழுவதும் ஓடிய இரயில், சோற்றுத் தட்டின் முன்னே மட்டும் நின்றுவிட்டது.

இந்தப் பட்டணத்திலேதான் 1875-ஆம் ஆண்டு நடேசனார் பிறந்தார். திருவல்லிக்கேணி அவர் பிறந்த மண். மருத்துவம் பயின்று அவர் தொழில் நடத்தியதும் அங்கேதான். பிழைப்புக்குக் குறைவில்லை. நோயாளியின் நாடியைப் பார்த்தோம், கூலியை வாங்கினோம், மாடி மேல் மாடி கட்டினோம் என்று இருந்திருக்கலாம். அப்படி இருந்தவர்கள் அந்நாளில் ஏராளம். அவர்கள் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

1912-ஆம் ஆண்டு அரசு அலுவலகங்களில் பணி புரிந்த பார்ப்பனரல்லாத ஊழியர்கள் சிலர், உயர்வு கிடைக்கவில்லை, மதிப்புக் கிடைக்கவில்லை என்று மனம் நொந்து, சென்னை ஐக்கிய சங்கம் என்ற பெயரில் ஓர் அமைப்பைக் கண்டனர். அதற்குத் தோள் கொடுத்தவர் நடேசனார். கூட்டம் கூடியது அவருடைய திருவல்லிக்கேணித் தோட்டத்திலே. பின்னர் அதுவே திராவிடர் சங்கம் ஆயிற்று. முதியோருக்குக் கல்வி கற்பித்தார்கள், சொற்பொழிவுகள் நடத்தினார்கள், பட்டம் பெற்று வெளிவந்த பார்ப்பனரல்லாத இளைஞர்களை ஆண்டுதோறும் அழைத்துப் பாராட்டினார்கள்.

பட்டம் பெற்றதற்கு ஒரு பாராட்டா என்று இன்றைக்குச் சிரிக்கத் தோன்றும். தெருவுக்குத் தெரு பட்டதாரி இருக்கும் காலம் இது. ஆனால் அன்றைய கணக்கைப் பாருங்கள். 1912-இல் சென்னை மாகாணத்தில் நிலையான மாவட்ட முன்சீபுகள் 128 பேர். அவர்களில் பார்ப்பனர் 93 பேர். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25 பேர். துணைக் கலெக்டர்கள் 140 பேரில் பார்ப்பனர் 77 பேர். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 30 பேர். மாகாணத்து மக்களோ ஏறத்தாழ 4 கோடியே 15 லட்சம். அவர்களில் 4 கோடிப் பேர் பார்ப்பனரல்லாதார். இந்தக் கணக்கையெல்லாம் எடுத்து வைத்துத்தான் 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. நீதிமன்றப் படியேறிய உழவன் வழக்கைச் சொல்லி அழ வேண்டுமானால், தன்னைப் போன்ற ஒருவனைத் தேடித் தேடிக் கண் பூத்துப் போக வேண்டிய நிலை.

இந்த நிலை கண்டு கோபப்பட்டவர்கள் பலர். நடேசனார் கோபத்தோடு நிற்கவில்லை. மருத்துவரல்லவா? காய்ச்சலைக் கண்டதும் காய்ச்சலைத் திட்டிக் கொண்டிருப்பதில்லை மருத்துவர். எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார். பதவியில் நம்மவர் ஏன் இல்லை? பட்டம் இல்லை. பட்டம் ஏன் இல்லை? கல்லூரியில் சேர்ந்தவர் குறைவு. ஏன் குறைவு? அறிவு இல்லாமலா? இல்லை. படிக்க வந்தவனுக்குப் படுக்கப் பாய் விரிக்க இடமில்லை. பசித்தவனுக்கு மதிப்போடு ஒரு பிடி சோறு போட ஆள் இல்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்து இழுத்துக் கொண்டிருந்தார்கள் மற்றவர்கள். நடேசனார் முதற் கண்ணியில் கை வைத்தார்.

1916 ஜூலையில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் பிறந்தது. அரசு நடத்திய விடுதியன்று. அரண்மனைக் கொடையால் எழுந்த மாளிகையுமன்று. வெளியூர்ப் பிள்ளைகள் தங்க ஓர் இடம், உண்ண உணவு, கூடிப் பேச ஓர் இலக்கிய மன்றம். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள்ளே எவ்வளவு அடங்கியிருந்தது! எந்தப் பந்தியில் உட்காருவது என்று யோசிக்காமல் உட்காரலாம். சாப்பிட்டு முடித்ததும் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்காமல் எழலாம். ஊரிலே வாய் திறவாத பிள்ளை மன்றத்திலே நாலு பேர் முன் நின்று பேசப் பழகலாம். பாடத்தை விளக்கொளியிலே படித்தான் மாணவன். தான் எவர்க்கும் தாழ்ந்தவனல்லன் என்ற பாடத்தை உடன் உண்ட தோழர்களிடையே படித்தான்.

அங்கே தங்கிப் படித்தவர்கள் யார் யார் தெரியுமா? கோவையிலிருந்து வந்த ஆர். கே. சண்முகம் அவர்களில் ஒருவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26-ஆம் நாள் முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படைத்தவர் அவரே. டி. எம். நாராயணசாமி அவர்களும் அந்த இல்லத்தில் இருந்தவர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வீற்றிருந்தவர். ஒரு மருத்துவரின் முயற்சியாலே உலை கொதித்த வீட்டிலிருந்து ஒரு நாட்டின் நிதியமைச்சரும், ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் புறப்பட்டார்கள் என்றால், இலவசமாகச் சோறு போட்டால் சோம்பேறிகள்தான் உருவாவார்கள் என்று இன்றும் பேசுவோர் சற்று நின்று சிந்திக்கட்டும்.

அதே 1916-இல் நடேசனார் மற்றொரு பணியும் செய்தார். பிட்டி தியாகராயரும் டாக்டர் டி. எம். நாயரும் சென்னைப் பொதுவாழ்விலே இரு பெரும் புள்ளிகள். ஒருவர்க்கொருவர் ஒத்துப் போகாதவர்கள். இருவரையும் ஓரிடத்திலே கொண்டுவந்து உட்கார வைத்தார் நடேசனார். 1916 நவம்பர் 20-ஆம் நாள் சென்னையிலே தலைவர்கள் கூடினர். தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு வித்திட்டனர். அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திரப் பிரகாசிகா என ஏடுகள் மூன்று கட்சியின் குரலாக ஒலித்தன. ஆங்கில ஏட்டின் பெயரே கட்சிக்கு நீதிக்கட்சி என்ற பெயராக நிலைத்தது. சேர்த்து வைத்தவர் முன்வரிசை நாற்காலிக்கு ஆசைப்படவில்லை. தியாகராயர், நாயர் என்ற இரு பெயர்களுக்குப் பின்னே மூன்றாவது பெயராக நிற்பதில் அவர்க்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தப்பட நாம்தான் இருக்கிறோம்.

இல்லம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலே மூடப்பட்டுவிட்டது. தனி மனிதர் தாங்கும் சுமைக்கு ஓர் அளவு உண்டல்லவா? ஆயினும் அங்கே மூட்டிய அடுப்பு அணையவில்லை. 1920-இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு தர முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் அந்த வழியிலே வந்தவைதாம். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புரிமை ஆணையை வெளியிட்டது. பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய நடேசனார், அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பதிலே உறுதியாக இருந்தவர்களில் ஒருவர்.

உண்ணும் இடத்திலே நடக்கும் வேற்றுமை சின்ன விஷயந்தானே என்பார்க்கு ஒன்றை நினைவூட்டுவோம். சேரன்மாதேவியிலே வ. வே. சு. ஐயர் குருகுலம் நடத்தினார். நாட்டுப்பற்று ஊட்டும் பள்ளி என்று காங்கிரசு நிதியும் கொடுத்தது. அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனிப் பந்தி. ஓமந்தூர் இராமசாமியாரின் மகனும் அங்கே படித்தவர். அவர் சொல்லித்தான் செய்தி வெளிவந்தது. பெரியாரும் வரதராசலு நாயுடுவும் பொங்கி எழுந்தனர். அந்த ஒரு பந்தி, 1924-25-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கிவிட்டது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலே பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார் என்றால், அதற்குக் காரணமான மனப்புண்களில் சேரன்மாதேவியும் ஒன்று. சோற்றுப் பந்தி சின்னதன்று, தோழர்களே! மனிதனை மனிதன் எடைபோடும் தராசு அங்கேதான் தொங்குகிறது.

நடேசனார் 1937 பிப்ரவரி 18-ஆம் நாள் மறைந்தார். தாம் வளர்த்த கட்சி தேர்தலிலே வீழ்ந்த ஆண்டு அது. தம் வாழ்நாள் உழைப்பு வீணாயிற்றோ என்று அவர் எண்ணியிருப்பாரானால், அது நியாயமே. வீணாகவில்லை என்பதற்குச் சான்று, இன்று உங்கள் வீட்டிலே கல்லூரிக்குப் புறப்படும் மகளும் மகனும். 1951-இல் வகுப்புரிமை ஆணையை நீதிமன்றம் செல்லாதென்றபோது தமிழ்நாடு கொதித்து எழுந்ததும், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதே ஆண்டிலே வந்ததும், அவர் போட்ட விதையின் விளைச்சல்.

அவர்க்கு நாம் செலுத்த வேண்டிய நன்றி மாலையிலும் இல்லை, மேடையிலும் இல்லை. 2025-இல் தமிழ்நாட்டு அரசு நடத்தும் மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. நல்ல பெயர். ஆனால் பெயர் உலையிலே வேகாது. அரிசிதான் வேக வேண்டும். உங்கள் பகுதி விடுதியிலே குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிவறைக்குக் கதவு இருக்கிறதா, குழம்பிலே பருப்பு இருக்கிறதா என்று போய்ப் பார்க்கின்ற கிளைச் செயலாளர்தான் நடேசனாரின் உண்மையான வழித்தோன்றல்.

இன்னொன்றும் உண்டு. கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாடகைக்கு அறை கேட்டு வரும் பிள்ளையிடம், நீ எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாக நீங்கள் எந்த ஆட்கள் என்று கேட்கும் வீட்டுக்காரர் இன்னும் இருக்கிறார். அவர் வீட்டு மாடியிலே நம் கொடி பறக்கலாம். நம் தலைவர்களின் படம் கூடத்திலே தொங்கலாம். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வருமானால், அன்று திருவல்லிக்கேணியிலே கதவைச் சாத்தியவர்களின் பக்கத்திலேதான் அவர் நிற்கிறார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பகையாக அல்ல, தோழமையோடு சொல்லுங்கள். கதவைத் திறக்கச் சொல்லுங்கள். வெளியே நிற்பவன் ஒரு மாணவன், பெட்டி கனக்கிறது, பொழுது சாய்கிறது.