சிரிக்க வைத்த முனிவர்

முனிவர் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது என்ன? நீண்ட தாடி, மூடிய கண்கள், சிரிப்பறியாத முகம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒருநாள் நூலக வகுப்பில் ‘பரமார்த்த குரு கதை’ என்ற நூலைப் படித்தபோது, அடக்க முடியாமல் உரக்கச் சிரித்துவிட்டேன். அந்நூலை எழுதியவரின் வரலாற்றை எழுதி வரும்படி ஆசிரியை பணித்தார். அதன் விளைவே இக்கட்டுரை. சிரிப்பினால் விளைந்த நன்மையைப் பாருங்கள்!

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டில் காஸ்திலியோன் என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் சேசு சபையில் சேர்ந்து குருவானார். 1710இல் கடல் கடந்து இந்தியா வந்தார். மறு ஆண்டு மதுரையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. நமக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட தமிழை அவர் அகர முதல் கற்க வேண்டியிருந்தது.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி அவர் பணியாற்றிய தலங்களுள் ஒன்று. இன்று அது நம் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது என்பது நமக்கெல்லாம் பெருமையன்றோ! ஆனால் அவர் நடந்த பாதை மலர்ப்பாதையன்று. 1714, 1715ஆம் ஆண்டுகளில் எழுந்த கலகத்தில் அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. இறையருளால் உயிர் தப்பினார். வேறொருவராயின் அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்பியிருப்பார். அவரோ இங்கேயே தங்கித் தமிழை இன்னும் ஆழமாகக் கற்றார். தைரியநாதர் என்று அவரை மக்கள் அழைத்தது பொருத்தமே. பின்னர் அவரே வீரமாமுனிவர் என்று புகழ் பெற்றார்.

புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3,615 பாக்களில் ‘தேம்பாவணி’ என்னும் பெருங்காப்பியத்தைப் பாடினார். ‘தொன்னூல் விளக்கம்’ என்னும் இலக்கண நூலையும், ‘சதுரகராதி’ என்னும் அகராதியையும் தந்தார். இத்தனை பெரிய பண்டிதர், ஆற்றைக் கண்டு அஞ்சும் அசடர்களைப் பற்றியும் எழுதினார் என்றால் வியப்பாக இல்லையா?

அதற்கும் ஒரு காரணம் உண்டு. கடல் கடந்து வரும் குருக்கள் பண்டிதர் தமிழை மட்டும் கற்றுக்கொண்டு சந்தையில் போய் நின்றால் என்ன பயன்? மக்கள் பேசும் தமிழை அவர்கள் பழக வேண்டும். அதற்காக எளிய உரைநடையில் இக்கதைகளை எழுதினார். சிரித்துக்கொண்டே படித்தால் பாடம் மனத்தில் பதியும் என்பதை அன்றே அவர் அறிந்திருந்தார்!

கதையில் பரமார்த்தர் என்ற குருவுக்கு ஐந்து சீடர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன அவர்களின் திருநாமங்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையை நீரில் வைப்பார்கள். அது புகைந்து சீறியதும் ஆறு விழித்துக்கொண்டது என்று அலறி ஓடுவார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்குவார்கள்.

இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, ஆற்றைக் கடந்தபின் அவர்கள் தலையெண்ணும் கதை. எண்ணுபவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டே எண்ணுவர். அறுவர் ஐவராகிவிடுவர். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் ஒப்பாரி வைப்பர். வழியே வந்த ஒருவன் ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணிக் காட்டிய பிறகே கணக்குச் சரியாகும். முதலில் சிரித்த நான் பிறகு யோசித்தேன். வகுப்பில் யார் யார் தவறு செய்தார்கள் என்று எண்ணும்போது நானும் என்னை விட்டுவிட்டுத்தானே எண்ணுகிறேன்!

வீரமாமுனிவர் தம்மை விட்டுவிட்டு எண்ணியவர் அல்லர் என்றே எனக்குத் தோன்றுகிறது. தாமே ஒரு குருவாக இருந்தும், ஓர் அசட்டுக் குருவைப் படைத்து உலகத்தைச் சிரிக்கவிட்டாரே! தம் இனத்தாரையும் சேர்த்துச் சிரிக்க எத்துணைப் பணிவு வேண்டும்!

வாழ்வின் பிற்பகுதியில் அவர் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, மணப்பாட்டில் பணியாற்றினார். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அதற்கு 75 ஆண்டுகளுக்குப் பின், 1822இல், பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் பரமார்த்த குரு கதையை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார். 1968இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

தோழியரே! அடுத்த முறை பிறர் பிழையைக் கண்டு சிரிக்கும்போது நம்மையும் சேர்த்து எண்ணிக்கொள்வோம். அப்போதுதான் கணக்குச் சரியாக வரும்.