இருதயத்தின் கையெழுத்தைப் பிடித்தவர்

மார்பு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டர் நாடியைப் பார்க்கிறார். பிறகு இ.சி.ஜி. எடுத்து வரச் சொல்கிறார்.

கை, கால், மார்பு ஆகிய இடங்களில் வயர்களை மாட்டுகிறார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. மேடும் பள்ளமுமாகக் கோடு போட்ட ஒரு காகிதம் வருகிறது. அந்தக் கோட்டைப் பார்த்து, இருதயம் ஒழுங்காக அடிக்கிறதா, தடுமாறுகிறதா என்று டாக்டர் சொல்லிவிடுகிறார்.

இந்தக் கோட்டை உலகத்துக்குக் கொடுத்தவர், வில்லெம் ஐந்தோவன். ஹாலந்து நாட்டு டாக்டர். ஆனால் அவர் பிறந்தது ஹாலந்தில் அல்ல!

ஜாவாவில் பிறந்தார்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள மீமிசல், கடற்கரை ஊர். அங்கிருந்து கடல் வழியாகத் தென்கிழக்கே போனால், இலங்கையையும் சுமத்திராவையும் தாண்டி ஜாவாத் தீவு வரும். அந்தத் தீவில் செமராங் என்ற துறைமுகப் பட்டணம் இருக்கிறது. அங்கேதான் 1860ஆம் ஆண்டு மே மாதம் 21ந் தேதி ஐந்தோவன் பிறந்தார். அப்போது ஜாவாவை டச்சுக்காரர்கள் ஆண்டு வந்தார்கள். தந்தை ராணுவ டாக்டராக இருந்தவர்.

ஐந்தோவன் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் ஆறு குழந்தைகள். தாயார் மனம் தளரவில்லை. 1870இல் ஆறு பேரையும் அழைத்துக்கொண்டு ஹாலந்துக்குக் கப்பல் ஏறினார். உட்ரெக்ட் என்ற நகரில் குடியேறினார்.

ஐந்தோவனும் தந்தையைப் போலவே டாக்டருக்குப் படித்தார். படிப்பில் மட்டும் அல்ல, விளையாட்டிலும் கெட்டிக்காரர். படகு ஓட்டுவார், வாள் வீசுவார். ஒருநாள் தேகப்பயிற்சியின்போது விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் படுத்து ஓய்வு எடுத்திருப்பார்கள். இவரோ, மனிதனுடைய கை எப்படித் திரும்புகிறது, முழங்கை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டார்!

25 வயதில் லெய்டன் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக நியமித்தது.

இருதயத்தில் மின்சாரம்

இருதயம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. உடம்பு முழுவதும் அது பரவுகிறது. லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்ற டாக்டர், 1887இல் மனிதனின் இருதய மின்சாரத்தை முதல் முதலாகப் பதிவு செய்தார். தம் நாய் ஜிம்மியின் கால்களை உப்புத் தண்ணீரில் வைத்தும் அவர் சோதனை காட்டுவது உண்டு.

சுவிட்சர்லாந்தில் 1889இல் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில், வாலர் செய்து காட்டிய சோதனையை ஐந்தோவன் பார்த்தார். அன்று பிடித்த ஆசை அவரை விடவே இல்லை.

வாலர் பயன்படுத்திய கருவியில் மெல்லிய கண்ணாடிக் குழாயும், அதற்குள் பாதரசமும் இருக்கும். மின்சாரம் பட்டால் பாதரசம் அசையும். ஆனால் அது மந்தமாகத்தான் அசையும். இருதயத்தின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. தெருவில் குதிரை வண்டி போனாலே கருவி அதிரும்!

அந்த மந்தமான கோட்டை வைத்துக்கொண்டு, உண்மைக் கோடு எப்படி இருக்கும் என்று ஐந்தோவன் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். கோட்டின் ஐந்து மேடு பள்ளங்களுக்கும் பி, கியூ, ஆர், எஸ், டி என்று 1895இல் பெயர் வைத்தார். இன்றும் டாக்டர்கள் அந்த ஐந்து எழுத்துக்களைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் நோயாளி காத்திருக்க, டாக்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? புதிய கருவி வேண்டும்.

அம்பில் பறந்த நூல்

கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் என்ற கல்லை உருக்கி, அதை ஓர் அம்பில் ஒட்டி, வில்லில் வைத்து விடுவார்கள். அம்பு பறக்கும்போது, உருகிய கல் நூலாக நீளும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நூல் அது. அதற்கு வெள்ளி முலாம் பூசி, ஒரு பெரிய மின் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார் ஐந்தோவன். இருதய மின்சாரம் பாய்ந்ததும் நூல் ஆடியது. அதன் நிழலை விளக்கொளியால் பெரிதாக்கிப் படம் பிடித்தார்.

1901 முதல் 1903 வரை இந்தக் கருவியைப் பற்றி அவர் எழுதினார். நூல்தான் மெல்லியது, கருவியின் எடை சுமார் 270 கிலோ! இரண்டு அறைகளை அது அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்து உட்கார வேண்டும்.

இவ்வளவு பெரிய கருவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாது. ஆஸ்பத்திரியோ ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியையும் கொண்டு வர முடியாது. என்ன செய்வது?

டெலிபோன் கம்பி கைகொடுத்தது! 1905இல் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளியின் இருதய மின்சாரம், கம்பி வழியாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. நோயாளி ஓர் இடம். படம் வேறு இடம்.

தமிழ்நாட்டுக்கு இது மிகவும் வேண்டிய விஷயம். மீமிசல் போன்ற ஊரில் நள்ளிரவில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், பெரிய இருதய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் இருதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. சிறிய ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி.யைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பி, நோயாளி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. ஏற்பாட்டுக்கு முன்பு, ஓர் ஆண்டுக்குள் 100க்கு 17 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏற்பாட்டுக்குப் பிறகு அது 14 அளவுக்குக் குறைந்தது.

வரப் போவதும் தெரியும்

கோடு இன்னொன்றையும் காட்டும். சிலருக்கு இருதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காக அடிக்காமல் துடிதுடிக்கும். ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம் வரும். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துப் பெரும்பாலும் தடுக்கலாம். ஆனால் இந்தத் துடிப்பு சிலருக்கு வந்து வந்து மறையும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் சில வினாடிப் படத்தில் சிக்காது. ஒரு தடவை இ.சி.ஜி. நன்றாக இருந்தது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அதற்காக அமெரிக்க விஞ்ஞானி நார்மன் ஹோல்டர், 1940களில் ஒரு கருவி செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அந்தக் கருவியின் எடை 38 கிலோ! இன்று அவர் பெயரால் வழங்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். அதை இரவும் பகலும் மாட்டிக்கொண்டு வீட்டு வேலையைப் பார்க்கலாம்.

பரிசு வந்தது

1924இல் ஐந்தோவனுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் அப்போது அமெரிக்காவில் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தார்.

பரிசுப் பணத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லுவார்கள். கருவியை உருவாக்கியபோது அவருக்குத் துணையாக உழைத்த பழைய ஆய்வுக்கூட ஊழியர் ஒருவரை ஐந்தோவன் தேடினாராம். அவர் இறந்துபோயிருந்தார். அவருடைய சகோதரிகள் இருவர் தர்ம விடுதியில் வறுமையில் இருந்தார்களாம். பணத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம் ஐந்தோவன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நோய்வாய்ப்பட்டு லெய்டனில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 67.