புற்றுநோய்னு தெரிஞ்சும் உடனே ஆபரேஷன் வேண்டாமா? அந்தக் கேள்வியைக் கேட்ட டாக்டர் விட்மோர் யார்?

புற்றுநோய்னு ரிப்போர்ட் வந்துட்டா உடனே வெட்டி எடுத்துடணும், பலரும் அப்படித்தான் நினைப்போம். புராஸ்டேட் புற்றுநோயில் அந்த அவசரம் எல்லோருக்கும் தேவையா என்று கேட்டவர் அமெரிக்க டாக்டர் வில்லெட் விட்மோர். இத்தனைக்கும் கத்தி பிடிப்பதுதான் அவர் தொழில்.

1917ல் பிறந்த விட்மோர், 1951 முதல் 30 ஆண்டுகளுக்கும் மேல் நியூயார்க் மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்குத் தலைமை வகித்தார். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சின்ன சுரப்பி. அதில் வரும் புற்றுநோயை ஏ, பி, சி, டி என நிலைகளாகப் பிரிக்கும் முறையை 1956ல் முன்வைத்தவரும் இவர்தான். கதிரியக்க அயோடினை அரிசி போன்ற துணுக்குகளாகச் சுரப்பிக்குள் பதிக்கும் சிகிச்சையை 1970களில் செய்துகாட்டிய குழுவிலும் இருந்தார்.

அவரை உறுத்திய விஷயம் வேற. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடலைப் பரிசோதித்தால், பலருக்கு புராஸ்டேட்டில் சிறிய புற்றுநோய் இருந்தது. உயிரோடு இருந்தவரை அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அப்படின்னா, ஆபரேஷனில் குணமானவர்களில் எத்தனை பேர் சும்மா விட்டிருந்தாலும் நல்லா இருந்திருப்பாங்க? மறுபக்கம், வேகமாகப் பரவும் ரகத்தை ஆபரேஷனால் தடுக்கத்தான் முடியுமா? சிகிச்சை சுலபமாகப் பலிக்கும் நோயாளிக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம், தேவைப்படும் நோயாளிக்குப் பலிக்காமல் போகலாம் என்பதுதான் விட்மோர் சுட்டிய சிக்கல்.

ஆபரேஷன் செய்தால் சிறுநீர் கசிவு, ஆண்மைக் குறைபாடு போன்ற பாதிப்புகள் வரலாம். தேவையில்லாமல் செய்துகொண்டால் அது வீண் நஷ்டம்தானே?

விட்மோர் 1995ல் இறந்தார். காரணம், அதே புராஸ்டேட் புற்றுநோய். அதனால் அவர் கேள்வி தப்பாகிவிடவில்லை. இந்த நோய் கொல்லவே கொல்லாது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

அவர் மறைவுக்குப் பிறகு பிரிட்டனில் ஆரம்ப நிலை நோயாளிகள் 1,643 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒன்றுக்கு கதிர்வீச்சு, இன்னொன்றுக்கு பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை மூலம் தொடர் கண்காணிப்பு. 2023ல் வெளியான 15 ஆண்டு முடிவுப்படி, மூன்றிலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3% பேர்தான். ஆனால் கண்காணிப்புப் பிரிவில் 9% பேருக்கு நோய் பரவியது, மற்ற இரண்டில் சுமார் 5%. கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னாளில் சிகிச்சைக்குப் போனார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் மட்டும் 15 ஆண்டுகள் கழித்தும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உயிரோடு இருந்தார்.