ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 - டிசம்பர் 29, 1912) பிரித்தானிய நிலவியலாளரும் தொல்பழங்கால ஆய்வாளரும் ஆவார். 1863 ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரத்தில் இவர் கண்டெடுத்த கற்கருவியே, இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றாகும். அன்று தொடங்கிச் சுமார் நாற்பது ஆண்டுகள் இவர் சேகரித்த கற்களும் பிற தொல்பொருட்களும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஃபூட் தொகுப்பு என்ற பெயரில் உள்ளன.

வாழ்க்கை

இங்கிலாந்தின் செல்ட்டன்காம் நகரில் பிறந்த ஃபூட், 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். சென்னை மாகாணம் அவருடைய பணிக்களம் ஆயிற்று. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளான எலிசபெத் ஆனை மணந்தார். ஆறுமுக நாவலரின் துணையுடன் யாழ்ப்பாணத்தில் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்த அதே பெர்சிவல்தான் இவர். ஆகவே ஃபூட் தமிழுலகுக்கு முற்றிலும் அயலவர் அல்லர்.

பல்லாவரம்

1863 மே 30 அன்று, பல்லாவரம் படை மைதானத்தருகே சரளைக்கல் தோண்டிய குழியொன்றில் மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல் ஒன்றை ஃபூட் கண்டார். பிரான்சின் சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் மிகத் தொன்மையானவை என்பதை ஜோசப் பிரெசுட்விச்சும் ஜான் எவான்சும் 1859 இல் உறுதி செய்திருந்தனர். அச்செய்தியை அறிந்திருந்ததால்தான் ஃபூட்டின் கண்ணுக்கு அது வெறும் சரளைக்கல்லாகத் தோன்றவில்லை. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட புதிய கற்காலக் கோடரிகள் இந்தியாவில் அதற்கு முன்பே கிடைத்திருந்தன; பழைய கற்காலக் கருவியை இனங்கண்டது இதுவே முதல் முறை.

இதில் பாறையின் வகையும் கவனிக்கத்தக்கது. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் சார்னோகைட்டு என்னும் பாறையால் ஆனவை. (இப்பெயர் 1893 இல் தாமஸ் ஹாலந்து இட்டது. கொல்கத்தாவிலுள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனது.) ஃபூட் எடுத்த கருவியோ குவார்ட்சைட்டால் ஆனது. குவார்ட்சைட்டு கடினமானது, தட்டினால் கூரிய விளிம்புடன் உடையக்கூடியது. அத்தகைய கூழாங்கற்கள் வடமேற்கே பூண்டியை அடுத்த அல்லிக்குழி மலைப்பகுதியில் மிகுதி. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, வில்லியம் கிங்குடன் சேர்ந்து அவர் கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான குவார்ட்சைட்டுக் கருவிகளைக் கண்டறிந்தார்.

கற்சேகரிப்பு

அக்காலத்தில் கல் சேகரிப்போர் பலர் அழகிய படிகங்களையும் முழுமையான வடிவங்களையும் மட்டுமே விரும்பினர். ஃபூட்டின் தொகுப்பிலும் கண்ணைக் கவரும் கற்கள் உண்டு: அகேட்டு, ஜாஸ்பர், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றின் செதில்கள், கருங்கல்லில் தேய்த்து மெருகேற்றிய கோடரிகள். ஆனால் உடைந்த துண்டுகள், செதில் நீக்கியபின் எஞ்சிய கருக்கற்கள், பானையோடுகள் ஆகியவற்றுக்கும் அவர் அதே இடத்தை அளித்தார். ஒவ்வொன்றும் எங்கே, எத்தகைய மண்ணில் கிடைத்தது, எந்தப் பாறையால் ஆனது என்று குறித்து வைத்தார். ஊர்ப் பெயர் இல்லாத கல், எவ்வளவு அழகாயினும், ஆய்வுக்குப் பெரிதும் பயன்படாது. இக்குறிப்புகளே ஃபூட் தொகுப்பைப் பிற சேகரிப்புகளிலிருந்து வேறுபடுத்துகின்றன. நானூறுக்கும் மேற்பட்ட இடங்களை அவர் பதிவு செய்தார்.

இதன் அருமை ஓர் இழப்பைக் கொண்டும் விளங்கும். 1880களில் கர்நூல் மாவட்டத்துப் பில்லசுர்கம் குகைகளில் ஃபூட்டும், அவர் மகன் ஹென்றியும் அகழ்ந்தெடுத்த எலும்புக் கருவிகள் பின்னாளில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றைப் பற்றிய விவாதம் நெடுங்காலம் முடிவின்றி நீண்டது.

1904 இல் சென்னை அரசு இத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. அதற்கு ஃபூட் எழுதிய விளக்க அட்டவணை 1914 இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916 இலும், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தன.

நிலவியல் பணிகள்

தொழில்முறையில் ஃபூட் நிலவியலாளரே. கர்நாடகப் பகுதியின் பழம்பாறைகளுள் ஒரு தொகுதியைத் தனியே பிரித்துத் தார்வார் அமைப்பு எனப் பெயரிட்டவர் இவர். கோலார் தங்கச் சுரங்கப் பாறைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அறிக்கை 1883 இலும், பெல்லாரி பற்றியது 1895 இலும் வெளியாயின. 1891 இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் அரசுகளுக்காகப் பணியாற்றினார்.

திருத்தப்பட்ட கருத்துகள்

சென்னைப் பகுதியின் செம்புரைக்கற் படிவுகள் கடலில் படிந்தவை என்று ஃபூட் கருதினார். பின்வந்த ஆய்வாளர் இதை ஏற்கவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே தென்னிந்தியாவில் நீண்ட இடைவெளி இருந்ததென்ற அவர் கருத்தும் நிலைக்கவில்லை. தொன்மை குறித்தோ, அவர் எண்ணியதைவிடக் கூடுதலாகவே சான்று கிடைத்துள்ளது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வு, அங்குள்ள கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011 இல் காட்டியது. அங்கு இடைப் பழைய கற்காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாக 2018 இல் வெளியான முடிவுகள் கூறின.

இறுதிக்காலம்

ஓய்வுக்குப் பின் ஃபூட் ஏற்காட்டில் குடியேறினார். அந்தச் சேர்வராயன் மலையில், மலையாளி எனப்படும் பழங்குடியினர் தம் கோயில்களில் புதிய கற்காலக் கோடரிகளை வைத்து வழிபட்டு வந்தனர். 1912 டிசம்பர் 29 அன்று ஃபூட் கொல்கத்தாவில் காலமானார். அவருடைய சாம்பல் ஏற்காடு தூய திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.