புதுவையை நிறுவியவர் யார்?

புதுச்சேரி நகரை நிறுவியவர் என்று பிரான்சுவா மார்த்தேன் போற்றப்படுகிறார். அப்பெருமை அவருக்கே உரியதா என்று ஐயுறுவோரும் உண்டு. 1673-இல் அங்கே முதலில் வந்திறங்கிய பிரெஞ்சு அதிகாரி லெஸ்பினே. இடம் அளித்தவர் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடி. மார்த்தேன் வந்ததோ 1674-இல்தான்.

பாரீசில் 1634-இல் பிறந்து, மளிகை வணிகரிடம் ஊழியம் பார்த்து, 1665-இல் கம்பெனிக் கப்பலேறியவர் அவர். 1677-இல் லோடி சிவாஜியிடம் தோற்றபோது, மார்த்தேன் சிவாஜிக்குத் தூதனுப்பி ஊரைக் காத்தார். 1693-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1697-இல் ரிஸ்விக் உடன்படிக்கை அதைத் திருப்பித் தந்தது. 1699-இல் மார்த்தேன் மீண்டும் வந்து கோட்டையும் தெருக்களும் எழுப்பினார். 1706 டிசம்பர் 31-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

ஆகவே, முதலில் காலடி வைத்த பெருமையை லெஸ்பினேக்கும், இடம் கொடுத்த பெருமையை லோடிக்கும் நாம் மறுக்கவில்லை. எனினும், இழந்தபின்னும் திரும்பி வந்து கட்டியவரையே நிறுவியவர் என்போம். அவருக்காகத் தறியில் அமர்ந்த நெசவாளரும், கல் சுமந்த கூலிகளும் ஏட்டில் பெயரின்றிப் போயினர். நம் ஆலய அடிக்கல்லிலும் சில பெயர்களே உள்ளன. மண் சுமந்த நம் பாட்டன் பாட்டிமாரை இந்த யூபிலி நாளில் நன்றியோடு நினைப்போமாக.