மரியா டிக்கின்

மரியா எலிசபெத் டிக்கின் (செப்டம்பர் 22, 1870 - மார்ச் 1, 1951) இங்கிலாந்தைச் சேர்ந்த சமூகத் தொண்டர் ஆவார். மருத்துவச் செலவைத் தாங்க இயலாத ஏழைகளின் பூனை, நாய், கழுதை, குதிரை முதலிய விலங்குகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதற்காக, நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம் (சுருக்கமாக பி.டி.எஸ்.ஏ.) என்னும் அமைப்பை 1917 ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவினார். போர்க்காலத்தில் சிறந்த பணியாற்றிய விலங்குகளுக்கு வழங்கப்படும் டிக்கின் பதக்கம் இவரால் 1943 இல் ஏற்படுத்தப்பட்டது.

இளமையும் குடும்பமும்

மரியா டிக்கின் இலண்டனின் ஹாக்னி பகுதியில் பிறந்தார். தந்தை வில்லியம் ஜார்ஜ் டிக்கின், வெசுலியன் திருச்சபையின் போதகர். குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளில் மரியாவே மூத்தவர். நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வேலைக்குச் செல்வது அரிதாக இருந்த அக்காலத்தில், இவர் இலண்டனின் விம்போல் தெருவில் குரற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார்.

1899 ஆம் ஆண்டில் தம் நெருங்கிய உறவினரும் கணக்காளருமான ஆர்னோல்டு பிரான்சிஸ் டிக்கினை மணந்தார். மணமான பெண் வேலையைத் தொடர்வது அன்றைய வழக்கத்தில் இல்லை. இவரும் பயிற்சிக் கூடத்தைக் கைவிட்டார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இலண்டனின் வசதி படைத்த பகுதியான ஹாம்ப்ஸ்டெட் ஹீத் அருகே வாழ்ந்த டிக்கின், இசை, இலக்கியம், ஆன்மிகம் ஆகியவற்றில் ஈடுபாடு கொண்டிருந்தார். நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை நேரில் சென்று கண்டு உதவும் தொண்டிலும் ஈடுபட்டார். இத்தொண்டே இவருடைய வாழ்வின் போக்கை மாற்றியது.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு இலண்டன் நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்பாக இருந்தது. துறைமுகக் கூலிகள், தெரு வணிகர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் முதலியோர் அங்கு வாழ்ந்தனர். தெரு வணிகருக்குக் கழுதையும் மட்டக்குதிரையும் பிழைப்பிற்கான மூலதனம். எலித் தொல்லை மிகுந்த குடியிருப்புகளில் பூனை வேலை செய்யும் விலங்காகவும் குழந்தைகளின் தோழனாகவும் இருந்தது.

இவ்விலங்குகள் நோயுற்றால் உரிமையாளருக்கு இருந்த வழிகள் சிலவே. கால்நடை மருத்துவர்களின் கவனம் பெரும்பாலும் குதிரைகள் மீதும் பண்ணை விலங்குகள் மீதும் இருந்தது. அவர்களுடைய கட்டணமும் கூலித் தொழிலாளியின் வருவாய்க்கு எட்டாதது. அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 1879 முதல் ஏழைகளின் விலங்குகளுக்கென ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்திவந்தது. இன்று புளூ கிராஸ் என அறியப்படும் அமைப்பு 1906 இல் இலண்டனின் விக்டோரியா பகுதியில் ஒரு விலங்கு மருத்துவமனையைத் திறந்தது. ஆயினும் நகரின் தேவைக்கு இவை போதுமானவையாக இல்லை.

தெருவில் திரிந்த பூனைகளையும் நாய்களையும் வலியின்றிக் கொல்லும் ஏற்பாடு பாட்டர்சியில் உள்ள காப்பகத்தில் 1880களிலேயே இருந்தது. எனவே, ஏழை வீட்டு விலங்கு நோயுற்றால் வலியுடன் விடப்படுவதோ கொல்லப்படுவதோதான் பெரும்பாலும் நேர்ந்தது. நோய் குணமாகக் கூடியதா என்பதைக் காட்டிலும், உரிமையாளரிடம் பணம் உண்டா என்பதே விலங்கின் விதியைத் தீர்மானித்தது.

வைட்சாப்பல் மருந்தகம்

ஏழைக் குடும்பங்களைக் காணச் சென்ற டிக்கின், சொறி பிடித்துத் தோல் புண்ணாகிய நாய்களையும் பூனைகளையும், முறிந்த காலை இழுத்துக்கொண்டு சாக்கடையோரம் உணவு தேடிய விலங்குகளையும் கண்டார். இவற்றுள் பல, உரிமையாளர் அற்றவை அல்ல. உரிமையாளர்களுக்கு அன்பு இருந்தது; சிகிச்சைக்குப் பணம் இல்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்ததே டிக்கினின் பணிக்கு அடிப்படையாக அமைந்தது. விலங்கை ஏழையிடமிருந்து மீட்பது இவருடைய நோக்கம் அன்று. ஏழை தன் விலங்கைத் தன்னுடன் வைத்துக் காப்பாற்ற உதவுவதே நோக்கம்.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நவம்பர் 17, 1917 அன்று வைட்சாப்பலில் ஒரு நிலவறையில் முதல் மருந்தகம் திறக்கப்பட்டது. எல்லா விலங்குகளும் ஏற்கப்படும் என்றும், சிகிச்சை முற்றிலும் இலவசம் என்றும் வாயிலில் அறிவிப்பு வைக்கப்பட்டது. மனிதர்களுக்கே மருந்தும் உணவும் தட்டுப்பாடாக இருந்த போர்க்காலத்தில் இம்முயற்சியைப் பலர் ஐயத்துடன் நோக்கினர். ஆனால் விலங்குகளைக் கொண்டுவந்தோரின் எண்ணிக்கை விரைவில் பெருகியதால், மருந்தகம் பெரிய இடத்திற்கு மாற வேண்டியதாயிற்று.

வளர்ச்சி

மருந்தகத்திற்கு வர இயலாதவர்களிடம் மருந்தகமே செல்ல வேண்டும் என்று டிக்கின் கருதினார். அமைப்புத் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குள், குதிரை பூட்டிய வண்டி ஒன்றை மருந்துகளும் கருவிகளும் கொண்ட நடமாடும் மருந்தகமாக இவர் வடிவமைத்தார். பின்னர் மோட்டார் வண்டிகள் சேர்க்கப்பட்டு, நாட்டின் பிற நகரங்களுக்கும் சேவை விரிந்தது. 1928 இல் இலண்டனை அடுத்த இல்ஃபோர்டில் விலங்குகளைத் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொரோக்கோவின் தாஞ்சியர், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலும் அமைப்பின் கிளைகள் தோன்றின.

1934 இல், விலங்குகளைப் பேணும் முறையைச் சிறுவர்களுக்குக் கற்பிக்க பிசி பீஸ் (சுறுசுறுப்பான தேனீக்கள்) என்னும் சிறுவர் சங்கம் தொடங்கப்பட்டது. டிக்கினின் மறைவுக்குப் பின், 1950களில் சிறுவர் நூலாசிரியர் எனிட் பிளைட்டன் இச்சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

கால்நடை மருத்துவர்களுடன் முரண்பாடு

டிக்கினின் மருந்தகங்களில் சிகிச்சை அளித்தவர்களுள் பலர் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அமைப்பின் பணியிலேயே பயிற்சி பெற்றவர்கள். இது அன்று சட்டத்திற்கு மாறானது அன்று. 1881 ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம், கால்நடை மருத்துவர் என்னும் பட்டப்பெயரை மட்டுமே பாதுகாத்தது. அப்பெயரைப் பயன்படுத்தாத வரை, எவரும் விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கலாம்.

மருத்துவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களது எதிர்ப்பில் இரு கூறுகள் இருந்தன. முதலாவது, பிழைப்புப் பற்றியது. மோட்டார் வாகனங்களின் வரவால் நகரங்களில் குதிரைகள் குறைந்தன. வளர்ப்பு விலங்குகளுக்கான சிகிச்சையே நகர மருத்துவர்களின் புதிய வருவாயாக மாறிவந்தது. இரண்டாவது, மருத்துவம் சார்ந்தது. எளிதில் தள்ளிவிட முடியாதது. எடுத்துக்காட்டாக, பூனையின் கல்லீரல் சில வேதிப்பொருட்களை மிக மெதுவாகவே சிதைக்கும். நாய்க்குக் கேடு செய்யாத அளவு மருந்தும் பூனைக்கு நஞ்சாகலாம். பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்வதால், தோலில் பூசிய பீனால் கலந்த மருந்தும் வயிற்றுக்குள் செல்லும். போதிய பயிற்சி இல்லாதவர் நல்லெண்ணத்துடன் தரும் மருந்தும் உயிரைப் பறிக்கக்கூடும் என்பது மருத்துவர்களின் வாதம்.

மருத்துவர்கள் ஏழைகளின் விலங்குகளைப் பார்க்க முன்வராத நிலையில், பட்டம் இல்லாதவரின் உதவியும் இல்லாவிட்டால் அவை உதவியின்றியே சாகும் என்பது டிக்கின் தரப்பின் நிலை. பல ஆண்டுகள் நீடித்த இப்பூசலின் முடிவில், 1948 ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம் சில விலக்குகளுடன் விலங்கு மருத்துவத்தைப் பதிவு பெற்றவர்களுக்கு உரியதாக்கியது. இன்று பி.டி.எஸ்.ஏ. மருத்துவமனைகளில் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களே சிகிச்சை அளிக்கின்றனர். சிகிச்சையின் தரத்தில் மருத்துவர்களின் கோரிக்கையும், ஏழைகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதில் டிக்கினின் கோரிக்கையும் நிலைபெற்றன எனலாம்.

இரண்டாம் உலகப் போர்

செப்டம்பர் 1939 இல் போர் அறிவிக்கப்பட்டபோது, குண்டுவீச்சும் உணவுத் தட்டுப்பாடும் வரும் என்ற அச்சத்தில் இலண்டன் மக்கள் பெருந்தொகையாகத் தம் வளர்ப்பு விலங்குகளைக் கொல்லக் கொடுத்தனர். சில நாட்களிலேயே சுமார் 4,00,000 பூனைகளும் நாய்களும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் குறிப்பிடுகிறார். அரசு இதற்கு ஆணையிடவில்லை. விலங்குகளைக் காக்க ஏற்பட்ட அமைப்புகளே, பி.டி.எஸ்.ஏ. உட்பட, இப்பணியைச் செய்ய நேர்ந்தது. அமைப்பின் வரலாற்றில் மிகத் துயரமான பகுதி இது.

குண்டுவீச்சு தொடங்கிய பின், அமைப்பின் மீட்புக் குழுக்கள் இடிபாடுகளில் சிக்கிய விலங்குகளை மீட்டுச் சிகிச்சை அளித்தன. இவ்வாறு 2,50,000க்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு உதவி கிடைத்தது.

டிக்கின் பதக்கம்

போரில் பணியாற்றிய விலங்குகளின் வீரத்தைப் போற்ற, 1943 இல் டிக்கின் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தினார். வெண்கலத்தால் ஆன இப்பதக்கத்தின் நாடாவில் பச்சை, பழுப்பு, வெளிர்நீலம் ஆகிய நிறங்கள் உள்ளன; இவை முறையே நீர், நிலம், வான் ஆகியவற்றைக் குறிக்கும். டிசம்பர் 1943 இல் மூன்று புறாக்கள் முதலில் இதைப் பெற்றன. 1943 முதல் 1949 வரை 54 விலங்குகளுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது: புறாக்கள் 32, நாய்கள் 18, குதிரைகள் 3, பூனை 1. நீண்ட இடைவெளிக்குப் பின் 2000 ஆம் ஆண்டில் மீண்டும் வழங்கப்பட்டது.

பதக்கம் பெற்ற அந்த ஒரே பூனையின் பெயர் சைமன். 1948 இல் ஹாங்காங்கில் கண்டெடுக்கப்பட்டு, அமெதிஸ்ட் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் வளர்ந்தது. ஏப்ரல் 20, 1949 அன்று சீனாவின் யாங்சி ஆற்றில் சீன மக்கள் விடுதலைப் படையின் எறிகணைகள் கப்பலைத் தாக்கியதில், சைமன் சிதறல்களாலும் தீயாலும் காயமுற்றது. பிழைக்காது என்று கருதப்பட்ட பூனை, கப்பலின் மருத்துவப் பணியாளர்களின் கவனிப்பால் தேறியது. கப்பல் மூன்று மாதங்களுக்கும் மேலாக ஆற்றில் சிறைப்பட்டிருந்தபோது, உணவு இருப்பை அழித்த எலிகளை வேட்டையாடியது. ஜூலை இறுதியில் கப்பல் தப்பியது. இங்கிலாந்து திரும்பியதும் சட்டப்படி தனிமைப்படுத்தல் நிலையத்தில் வைக்கப்பட்ட சைமன், அங்கு நோய்த்தொற்றுக்கு உள்ளாகி நவம்பர் 28, 1949 அன்று இறந்தது. அதன் மறைவுக்குப் பின்னரே பதக்கம் கையளிக்கப்பட்டது. இல்ஃபோர்டில் உள்ள அமைப்பின் விலங்கு இடுகாட்டில் சைமன் அடக்கம் செய்யப்பட்டது.

நாட்பட்ட நோய்களும் டிக்கினின் கொள்கையும்

டிக்கின் மருந்தகத்தைத் தொடங்கிய காலத்தில் பூனைகளின் நோய்கள் பற்றி அறியப்பட்டவை குறைவு. சொறி, காயம், எலும்பு முறிவு போன்ற வெளிப்படையான துன்பங்களே பெரும்பாலும் சிகிச்சைக்கு வந்தன. நோயை மறைத்து ஒதுங்கிக்கொள்வது பூனையின் இயல்பு. உடல் மெலிதல், மிகுதியாக நீர் பருகுதல், உணவை வெறுத்தல் போன்றவை முதுமையின் இயல்பான மாற்றங்களாகவே நெடுங்காலம் கருதப்பட்டன.

இன்று முதிய பூனைகளில் நாட்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை பரவலாகக் கண்டறியப்படுகின்றன. இவற்றுள் கடைசி நோய் பூனைகளில் 1979 இல்தான் விவரிக்கப்பட்டது. சிறுநீரக நோய்க்குப் பாஸ்பரஸ் குறைந்த உணவு, நீரிழிவுக்குப் பொதுவாக நாள்தோறும் இருமுறை இன்சுலின், தைராய்டு நோய்க்கு நாள்தோறும் மாத்திரை என இவற்றின் சிகிச்சை பெரும்பாலும் விலங்கின் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. இரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது தேவை.

முறிந்த எலும்புக்கான செலவு ஒருமுறை வருவது. நாட்பட்ட நோய்க்கான செலவு மாதந்தோறும் வருவது. ஆகவே கட்டணம் செலுத்த இயலாதவர், பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடிய பூனையையும் கருணைக்கொலைக்கு ஒப்படைக்க நேரலாம். 1917 இல் டிக்கின் கண்ட சிக்கல் வடிவம் மாறி இன்றும் தொடர்கிறது. பி.டி.எஸ்.ஏ. மருத்துவமனைகள் நன்கொடைகளைக் கொண்டு, ஐக்கிய இராச்சியத்தில் குறைந்த வருவாய் உடையோரின் விலங்குகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளித்து வருகின்றன.

சிறப்புகளும் மறைவும்

டிக்கினுக்கு 1929 இல் ஓ.பி.இ. விருதும் 1948 இல் சி.பி.இ. விருதும் வழங்கப்பட்டன. பி.டி.எஸ்.ஏ. அமைப்பின் பணிகள் 1949, 1956 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய இரு சட்டங்களால் வரையறுக்கப்பட்டன. அவற்றுள் முதலாவதைக் காணும் வரை வாழ்ந்த டிக்கின், மார்ச் 1, 1951 அன்று தமது 80 ஆம் வயதில் இலண்டனில் காலமானார்.

இவர் பிறந்த இல்லமான ஹாக்னியின் காஸ்லண்டு சாலை 41 ஆம் எண் வீட்டில், அக்டோபர் 2015 இல் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு நீலநிற நினைவுப் பலகையைப் பதித்தது.