சீர்காழி இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன் (ஆகஸ்ட் 1892 - செப்டம்பர் 27, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணித ஆசிரியரும் நூலகவியல் அறிஞரும் ஆவார். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். நூலகவியலின் ஐந்து விதிகள், கோலன் பகுப்பு முறை ஆகியவை இவரது முதன்மையான பங்களிப்புகள். நூலகத்தை நூல்களின் காப்பகமாக மட்டும் கருதாமல், மாணவர் தாமே வினா எழுப்பி விடை தேடப் பழகும் கல்விக்கூடமாகக் கண்டவர் என்ற வகையில் கல்வி வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு.

இளமையும் கல்வியும்

அரங்கநாதன் அக்காலத் தஞ்சாவூர் மாவட்டத்தின் சீர்காழிப் பகுதியில் பிறந்தார். தந்தை இராமாமிருத ஐயர், தாய் சீதாலட்சுமி. ஆறு வயதில் தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிக் கல்வி முடித்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1916 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு இவருடைய ஆசிரியராக இருந்த எட்வர்டு ராஸ் இவரிடம் நீங்காத தாக்கத்தை ஏற்படுத்தினார். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார்.

1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கற்பித்தார்.

நூலகப் பணி

1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகர் நடமாட்டம் குறைந்த அந்நூலகத்தின் தனிமை இவருக்குப் பிடிக்கவில்லை. விரைவிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பினார். எனினும் இலண்டன் சென்று பயின்ற பிறகு முடிவெடுக்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு இசைந்தார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்சிடம் நூலகவியல் பயின்றார். பிரித்தானியாவின் பல நூலகங்களைப் பார்வையிட்டார். சிறுவரும் தொழிலாளரும் அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தியது இவர் எண்ணத்தை மாற்றியது. 1925 இல் சென்னை திரும்பியபின், வாசகர் அலமாரிகளுக்கு நேரே சென்று நூல்களை எடுத்துப் பார்க்கும் திறந்த அணுக்க முறையையும், வாசகர் தேடலுக்குத் துணைநிற்கும் நோக்குதவிப் பணியையும் வளர்த்தார்.

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1931 இல் ஐந்து விதிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அவ்விதிகளின் சாரம் வருமாறு:

1. நூல்கள் அடைத்து வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு உரியவை.
2. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்கவேண்டும்.
3. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும்.
4. வாசகரின் நேரம் வீணாகக்கூடாது.
5. நூலகம் உயிருள்ள ஒன்றைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும்.

தேடலைக் கற்பித்தல்

1940 இல் நோக்குதவிப் பணி பற்றியும் 1942 இல் பள்ளி, கல்லூரி நூலகங்கள் பற்றியும் நூல்கள் எழுதினார். நோக்குதவிப் பணியை உடனடியாக விடை தரத்தக்கது, நீண்ட தேடல் வேண்டுவது என இரண்டாகப் பிரித்தார். ஆயத்தம், சேவை, உட்கொள்ளல் என்ற மூன்று கட்டங்களாகவும் விளக்கினார். முன்கூட்டி ஆயத்தம் செய்வது, வாசகரோடு சேர்ந்து தேடுவது, தேடலில் கிடைத்த அறிவை அடுத்த தேடலுக்குப் பயன்படுமாறு உள்வாங்குவது என்பன அவற்றின் பொருள்.

1933 இல் வெளியான கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்துப் பின் தொகுக்கிறது. இலண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளே இதற்குத் தூண்டுகோல் எனப்படுகிறது. பிற்காலத்தில் இவர் அக்கூறுகளைத் தனித்தன்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படை வகைகளில் அடக்கினார்.

இம்முறை ஆய்வு வினாவைக் கூர்மையாக்கவும் உதவுகிறது. எடுத்துக்காட்டாக, சேலம், நாமக்கல் சமவெளியில் மிகுதியாக விளையும் மரவள்ளியைப் பற்றி ஆராய விரும்பும் மாணவருக்கு வெறும் மரவள்ளி என்ற தலைப்பு மிக அகன்றது. 1970களில் சேலம் மாவட்டத்தில் மரவள்ளி பயிரிடல் என்று வரையறுத்தால் பயிர், செயல், இடம், காலம் ஆகியவை தெளிவாகின்றன. எல்லாத் தலைப்புகளிலும் ஐந்து வகைகளும் வருவதில்லை. எது விடுபட்டுள்ளது என்று பார்ப்பதே அடுத்த வினாவுக்கு வழிகாட்டும்.

பிற்கால மாதிரிகளுடன் ஒப்பீடு

வினவல்வழிக் கற்றலுக்கான மாதிரிகள் பல அரங்கநாதனின் காலத்திற்குப் பின் அமெரிக்காவில் உருவாயின. 1990 இல் ஐசன்பெர்க், பெர்கோவிட்சு இருவரும் வெளியிட்ட 'பிக் சிக்ஸ்' மாதிரி, பணியை வரையறுத்தல் தொடங்கி மதிப்பிடல் வரை ஆறு படிகள் கொண்டது. படிகள் தெளிவானவை என்பதால் வகுப்பறையில் பின்பற்ற எளிது. அதே காலத்தில் கரோல் குல்தாவ் முன்வைத்த தகவல் தேடல் செயன்முறை, தேடுபவரின் மனநிலையையும் கணக்கில் கொள்கிறது. தேடலின் இடையில் குழப்பமும் ஐயமும் மிகுவது இயல்பே என்றும், ஆசிரியரும் நூலகரும் தலையிட்டு உதவவேண்டிய தருணம் அதுவே என்றும் அது காட்டுகிறது. வழிகாட்டப்பட்ட வினவல் என்ற முறை இதிலிருந்து வளர்ந்தது.

அரங்கநாதன் மாணவருக்கெனப் படிகள் கொண்ட மாதிரி எதையும் வகுக்கவில்லை. ஆயினும் வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருடைய உண்மையான வினா அன்று என்பதையும், உரையாடலின் மூலமே அது வெளிப்படும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். இவ்வகையில் அவர் குல்தாவுக்கு நெருக்கமானவர். தலைப்பைக் கூறுகளாகப் பிரிக்கும் நுட்பம் பிக் சிக்ஸின் முதற்படிக்கு நிகரானது. மாணவர் திரட்டிய தகவலை எவ்வாறு மதிப்பிட்டு எழுதுவது என்பதற்குப் பிற்கால மாதிரிகளே கூடுதல் வழிகாட்டுகின்றன.

நூலகச் சட்டம்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948 இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இதற்கு அரங்கநாதனின் நீண்டகால முயற்சி அடித்தளமாக இருந்தது. சொத்து வரியுடன் நூலக வரி தண்டவும் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்கவும் சட்டம் வழிசெய்தது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது; 1997 இல்தான் தனி மாவட்டமானது. நூல் வாங்க வசதியில்லாத ஊர்ப்புற மாணவருக்குக் கிளை நூலகங்கள் வாயிலாக நூல்கள் எட்டின. எனினும் இச்சட்டம் பொது நூலகங்களைப் பற்றியது. வகுப்பறையோடு இணைந்த பள்ளி நூலகம் என்ற இவருடைய எண்ணத்தை அது நிறைவேற்றவில்லை. நூல் கிடைத்தாலும் தேடலைக் கற்றுத்தரும் நூலகர் இல்லாதபோது மாணவர் பாடநூலுக்குள்ளேயே நின்றுவிட நேர்ந்தது.

பிற்கால வாழ்க்கை

சென்னைப் பணியிலிருந்து விலகியபின் 1945 முதல் 1947 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், தொடர்ந்து தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1962 இல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். தம் சேமிப்பிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு இலட்சம் ரூபாய் வழங்கி, தம் மனைவி சாரதாவின் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் செய்தார்.

1957 இல் பத்மசிறீ விருது பெற்றார். 1965 இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.

மதிப்பீடு

கோலன் பகுப்பு முறையின் குறியீடுகள் சிக்கலானவை என்பதால் இந்திய நூலகங்களிலும் தூயி பதின்மப் பகுப்பு முறையே பரவலாக நிலைத்தது. ஆனால் கூறுகளாகப் பிரித்து ஆராயும் இவரது கோட்பாடு உலகளவில் ஏற்கப்பட்டது. இணைய வணிகத் தளங்களில் விலை, அளவு, நிறம் எனத் தேர்ந்து தேடலைச் சுருக்கும் வசதியும் இதே கோட்பாட்டின் வழிவந்ததே. இந்தியாவில் ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.